முதல் பேஸில் நின்றவன்

…பதினேழு என்றார் பேஸ்பால் கிளப்பின் முதலாளி லேத்ராப், ஜூலை முடிவதற்குள் எறிவதில் பதினேழு பிழை, தன் வண்டித் தொழிற்சாலையில் ஒருவன் பதினேழு சக்கரத்தைக் கோணலாகப் பூட்டினால் என்ன செய்வாரோ அதைத்தான் இங்கேயும் செய்ய வேண்டும் என்றார், சொல்லும்போது பத்திரிகையை மடித்து மலாக்கியின் மேசைமேல் வைத்தார், அதில் கோன்ராட் ஈபர்லெ என்ற பெயருக்கு எதிரே பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. “இன்னிக்கு ஆட்டம் முடிஞ்சதும் அந்த ஜெர்மன்காரனை அனுப்பிடுங்க, டெவேன். உங்களுக்குப் பழக்கம்தானே.” பழக்கம்தான். மலாக்கி டெவேன் தலையசைத்தான். கிளப்பின் மேனேஜர், கேப்டன், முதல் பேஸ் ஆட்டக்காரன், மூன்றும் அவனே, ரயில் டிக்கெட் வாங்குவது அவன், ஓட்டலில் மூட்டைப்பூச்சி என்றால் சண்டை போடுவது அவன், மழை பெய்தால் மைதானத்தில் மரத்தூள் கொட்டுவது அவன், பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு போய் முதல் பேஸில் நிற்பதும் அவன், ஆகவே ஆளை அனுப்புவதும் அவன்தான். இந்த ஆறு வருஷத்தில் எத்தனை பேரை அனுப்பியிருப்பான்… அதற்கென்று மூன்று வாக்கியங்கள் வைத்திருக்கிறான், எங்கே கற்றான் என்று நினைவில்லை, ஒருவேளை யாரோ அவனுக்கே சொன்னதாக இருக்கலாம், உன்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, கிளப்புக்கு வேற ஆள் வேணும், இன்னிக்கு சாயந்தரத்தோட முடிஞ்சுது. மூன்றாவது வாக்கியம் முடிவதற்குள் எதிரே இருப்பவனின் முகத்திலிருந்து கண்ணை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை, பசி எடுத்தால் சாப்பிடலாம்.

மூன்றரை மணிக்கு ஆட்டம். சனிக்கிழமை, காகித ஆலைகளில் பாதிப் பேருக்கு விடுமுறை, கூட்டம் சேர்ந்துவிட்டது, மூன்றாவது பேஸுக்குப் பின்னால் பலகை வரிசைகளில் கறுப்புக் கோட்டும் கறுப்புத் தொப்பியுமாக நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள், அந்தப் பக்கம் பார்த்தால் யாரோ கரியை அப்பி வைத்த சுவர் மாதிரி இருந்தது. மலாக்கி, பந்தை அடித்தவன் முதலில் ஓடி வந்து தொடவேண்டிய முதல் பேஸில் போய் நின்றான், விரல் நுனிகள் வெட்டிய மெல்லிய கையுறைக்குள் கைகளைத் திணித்தான், இடது கையின் நடு விரல் இரண்டு இடத்தில் உடைந்து கூடியது, மோதிர விரல் மடங்காது, முப்பத்தேழு வயதில் கையைப் பார்த்தால் அறுபது சொல்லலாம். பத்தொன்பது வயதில் இதே ஊர் ஆலை அணியில் ஆடத் தொடங்கியபோது கையுறையே கிடையாது, போட்டால் பெண்பிள்ளை என்பார்கள், பிறகு ஆடுவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ரயில் ஏறினான், ஆட்டத்துக்குச் சம்பளமா என்று அப்பா நம்பவே இல்லை, அவர் இந்த ஊர்க் கால்வாயை வெட்டியவர்களில் ஒருவர், மண்வெட்டி பிடிக்காத கைக்கு யார் கூலி தருவார்கள் என்றார். தந்தார்கள். ஒரு கிளப் மூடினால் இன்னொன்று, ஒரு வருஷம் மூன்று ஊர், மேற்கே ஒரு நகரத்தில் பாதிப் பருவத்திலேயே முதலாளி ஓடிவிட்டார், ஓட்டல்காரன் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டான், அந்த வருஷம்தான் லூக்கும் கூட இருந்தான், தம்பி, ஐந்து வயது இளையவன், ஷார்ட்ஸ்டாப், இரண்டு பேரும் பெட்டி இல்லாமல் நாலு நாள் ரயிலில் வந்தார்கள், லூக் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தான், எதற்கு என்று ஞாபகமில்லை… எதிரணியின் முதல் ஆள் மட்டையோடு வந்துவிட்டான், நடுவர் கையை அசைத்துவிட்டார்.

முதல் பந்தே தரையோடு கோன்ராடிடம் போயிற்று. இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்கிற ஆளுக்கு, ஷார்ட்ஸ்டாப்புக்கு, வேலை இதுதான், தரையோடு வருவதைப் பொறுக்கி, ஓடுகிறவன் வந்து சேர்வதற்குள் முதல் பேஸுக்கு எறிவது, கோன்ராட் அதைக் குனிந்த மாதிரியே தெரியாமல் செய்வான், தவிட்டு நிறத் தலைமுடி, கசாப்புக்கடைக்காரன் மகன், இருபத்துநாலு வயது, எறிந்தான், பந்து அவன் கையைவிட்டது தெரிந்தது, நன்றாகத் தெரிந்தது, நேராகத்தான் வந்தது, பிறகு… பிறகு மலாக்கியின் கையுறையின் ஓரத்தில் எதுவோ தட்டியது, பந்து வேலிப் பக்கம் உருண்டது, ஓடியவன் இரண்டாவது பேஸில் நின்று கால்சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தான். “ஏய் ஜெர்மன்காரா, உங்கப்பன் கறியை எறியற மாதிரி எறியாத, அங்க மனுஷன் நிக்கறாரு” என்று பலகை வரிசையிலிருந்து ஒருத்தன் கத்த, சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கோன்ராட் கையைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பந்து மட்டமாக, தாழ்வாக வந்துவிட்டது என்று மலாக்கி கையால் சைகை காட்டினான், தரையைக் காட்டி, பிறகு நெஞ்சைக் காட்டி. பதினெட்டு. மேலே பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டிருப்பான், எறிந்தவன் பெயருக்கு எதிரே ஒரு கோடு, பிடிக்கவேண்டியவன் சைகை காட்டிவிட்டால் அது எறிந்தவன் கணக்குத்தான், பன்னிரண்டு வருஷமாகப் பேர் எடுத்த முதல் பேஸ் ஆள் காட்டும் சைகை.

இரண்டாவது இன்னிங்ஸ் முடிந்து பெஞ்சுக்கு வந்தபோது கோன்ராட் பக்கத்தில் உட்கார்ந்தான், வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தான், மீதியைக் கழுத்தில் ஊற்றிக்கொண்டான். “கேப்டன், நான் எப்படி எறியணும்?” “மேல எறி.” “மேல எறிஞ்சா நேரம் ஆகுமே. ஓடறவன் வந்துடுவான்.” “பரவால்ல, மேல எறி.” கோன்ராட் குவளையைப் பார்த்தான். “என் கை நல்லாத்தான் இருக்கு” என்றான். “வேற ஏதாவது சொல்லணுமா?” “இல்ல கேப்டன்.” ஏதோ சொல்ல வந்தவன் மாதிரித்தான் இருந்தான், ஆனால் யாரிடம் சொல்வான், எவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமோ அவனிடமேதான் சொல்ல வேண்டியிருக்கிறது… இப்படி ஒரு எண்ணம் ஏன் வந்தது, எவனைப் பற்றி, எதைப் பற்றி? மலாக்கி மட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். அவன் முறை எட்டாவதாகத்தான் வரும், இரண்டு வருஷத்துக்கு முன் வரை மூன்றாவதாக மட்டை பிடித்தவன், சின்னப் பையன்கள் முன்னால் போகட்டும் என்று பட்டியலில் தானே எழுதித் தன்னைக் கீழே இறக்கிக்கொண்டான், நல்ல மேனேஜர் என்று பத்திரிகையில் கூடப் போட்டார்கள், தன்னலம் இல்லாதவர் என்று. முறை வந்ததும் நின்று மூன்று பந்தை வீசியடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான், மூன்றும் காற்றில் போயிற்று, அவுட்.

மேலே எறி என்றதும் கோன்ராட் மேலேதான் எறிந்தான், மைதானத்துக்கு மேல் வெள்ளையாக இருந்த வானத்தில் பந்து ஏறி வளைந்து இறங்கியது, ஒவ்வொன்றும் தெளிவாக, அதன் தையல் கூடத் தெரிகிற மாதிரி, மலாக்கி ஒவ்வொன்றையும் பிடித்தான், மூன்றாவதில் ஒன்று, நாலாவதில் இரண்டு, நாலாவதில் ஒரு வேகக்காரன் மட்டும் பந்துக்கு முன்னால் வந்து சேர்ந்துவிட்டான், கோன்ராட் சொன்ன மாதிரியே. ஐந்தாவதில் நேரமில்லாமல் ஒன்றைப் பழையபடி எறிந்தான், நெஞ்சு உயரத்தில், நேராக. பந்து கிளம்பியது தெரிந்தது, அந்தக் கறுப்புக் கோட்டுக் கூட்டம் பின்னால் இருந்தது, அதற்குள் போன பந்து வெளியே வரவில்லை. எங்கே என்று தேடுவதற்குள் அவன் வயிற்றில் வந்து மோதியது, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டான், ஆள் அவுட், கூட்டம் கை தட்டியது, “கெழவன் வயித்தாலயே புடிச்சிட்டான்டா” என்று யாரோ. மட்டமாக வரவில்லை. வயிற்றில் இருக்கிற இந்த வலி மட்டமாக வந்த பந்தின் வலி இல்லை. மலாக்கி பந்தை வீசுபவனிடம் திருப்பி எறிந்தான், தொப்பியைச் சரிசெய்கிறவன் போலக் கையைத் தூக்கி வலது கண்ணை மறைத்தான். இடது கண்ணில் கோன்ராட் இல்லை. மூன்றாவது பேஸ் இல்லை. ஈரக் காகிதத்தை விளக்குக்கு முன்னால் பிடித்தது போல ஒரு வெளுப்பு, அதில் அங்கங்கே கறுப்பாக எதுவோ நகர்ந்தது. கையை எடுத்தான். எல்லாம் இருந்தது. கண்டுபிடித்தேன் என்றும் சொல்ல முடியாது, தெரிந்ததுதானே, சவரம் செய்யும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது, பத்திரிகையை வலப்பக்கம் தள்ளிப் பிடிப்பது, வாடகை வீட்டு அம்மாள் இடப்பக்கத்திலிருந்து தட்டை நீட்டினால் திடுக்கிடுவது, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தான், வெயில், தூசி, தூக்கமில்லாமை… எவ்வளவு நாளாக?

எவ்வளவு நாளாக என்ற கேள்வியோடு ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸ் போயிற்று, கால்கள் தாமாகப் போய் நின்றன, பந்து வந்தால் கை போயிற்று, உள்ளே ஒன்றும் அசையவில்லை, பல் பிடுங்குவதற்கு முன் வைத்தியன் எதையோ தடவிவிட்ட மாதிரி. கோன்ராடுக்கு முன்னால் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்தவன் ஹேல்ப்பின், அவனை மே மாதம் அனுப்பினான், வீச்சு மட்டம். அவனுக்கு முன்னால் பென்சில்வேனியாக்காரன் ஒருவன், நல்ல பையன், மாதாகோவில் பாட்டெல்லாம் பாடுவான், வீச்சு மட்டம். அவனுக்கு முன்னால் லூக். ஒரே இடத்தில் நின்ற நாலு பேருக்கும் ஒரே வியாதி. மூன்று வருஷம்… மூன்று வருஷத்துக்கு முன்னால் வூஸ்டர் ரயில் நிலையத்தில், ஆகஸ்டு மாதம், தூறிக்கொண்டிருந்தது, மற்றவர்கள் எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டார்கள், லூக்கை மட்டும் கூரைக்குக் கீழே நிறுத்தி மூன்று வாக்கியங்களையும் சொன்னான், தம்பி என்று வேறு வாக்கியம் சொல்லவில்லை, அதைப் பற்றி உள்ளூரப் பெருமைகூட இருந்தது, எல்லோருக்கும் ஒரே நியாயம். லூக் கேட்டான், “இது லேத்ராப் சொன்னதா, நீயா முடிவு பண்ணினியா?” “நான்தான்.” “என் கை போச்சுன்னு சொல்ற.” “உன் கை போச்சு, லூக்.” லூக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், மூன்றாவது வாக்கியத்திலேயே மலாக்கிதான் கண்ணை எடுத்துவிட்டான், ஆனால் பார்க்கிறான் என்பது தெரிந்தது, ரயில் ஊதும்வரை பார்த்தான். “சரி அப்ப” என்றான். தன் மட்டையைத் தானே தோளில் போட்டுக்கொண்டு எதிர் நடைமேடைக்கு நடந்தான். அதற்குப் பிறகு ஒரே ஊரில் இருந்தும் மாதாகோவில் வாசலில் தலையசைப்பதோடு சரி. கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், கோபம் தீர்ந்தால் வருவான் என்று.

நாலுக்கு ஏழு என்று தோற்றார்கள். கூட்டம் கலைந்தது, பலகை வரிசைகள் காலியானதும் அந்தப் பக்கம் வெறும் மஞ்சள் மரமாக இருந்தது. கோன்ராட் காலணியைக் கழற்றி வாரால் சேர்த்துக் கட்டித் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, வேலி ஓரமாக, கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றான், எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருக்கும், கிளப்பில் எதுதான் தெரியாமல் இருக்கும். “சொல்லுங்க கேப்டன்.” “உன்மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல” என்றான் மலாக்கி. அது தானாக வந்துவிட்டது. கோன்ராட் தலையை ஆட்டினான், அடுத்ததற்குக் காத்திருந்தான், இரண்டாவது வாக்கியம் நாக்குவரை வந்து அங்கேயே இருந்தது. தூரத்தில் வாயிற்கதவுக்குப் பக்கத்தில் லேத்ராப் தன் குதிரை வண்டியில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “திங்கக்கிழமை ரெண்டு மணிக்கு வந்துடு. உன் இஷ்டப்படி எறி. மேல எல்லாம் எறிய வேணாம்.” “அவ்வளவுதானா?” “அவ்வளவுதான்.” கோன்ராட் நம்பாதவன் போலக் காலணியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டான். “கேப்டன், அந்த முதல் பந்து…” “தெரியும்” என்றான் மலாக்கி. கோன்ராட் போய்விட்டான், வெறுங்காலோடு, உயரமான புல்லில் நடப்பவர்கள் போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து.

லேத்ராப் எதுவும் கேட்பதற்கு முன்பே சொன்னான், “முதல் பேஸுக்கு ஆள் பாருங்க.” “முதல் பேஸுக்கா? அப்ப நீங்க?” “கண்ணு சரியில்ல. இடது கண்ணு.” “எப்பலேந்து?” அதற்கு என்ன சொல்வது, மூன்று வருஷம் என்றால் நாலு பேரைப் பற்றியும் சொல்ல வேண்டும். “கொஞ்ச நாளா.” லேத்ராப் கெட்டவர் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார், ஸ்ப்ரிங்ஃபீல்டில் நல்ல கண் வைத்தியர் இருக்கிறார், தன் மாமனாருக்குப் பார்த்தவர் என்றார், பிறகு வண்டி ஓட்டும் கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னார், “ஆனா டெவேன், ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. நீங்க ஆடறதாலதான் மேனேஜரா இருக்கறது கட்டுப்படி ஆவுது. ஆடாத ஆளு கோட்டும் தொப்பியுமா பெஞ்சில உக்காந்திருக்க, ஆட இன்னொருத்தன்னா, நம்ம கிளப்பு தாங்காது. யாராவது ஒரு முதல் பேஸ்காரன் கிடைச்சா, ரெண்டையும் அவனே பார்த்துக்கட்டும். திங்கக்கிழமை பேசுவோம்.” “சரி” என்றான் மலாக்கி. “உங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல” என்றார் லேத்ராப். இவர் எங்கே கற்றார்? என்னிடமிருந்தா, இல்லை, எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்களா… வண்டி கிளம்பிப் போனது, புழுதி எழுந்தது, பதினெட்டு வருஷம் ஆட்டம், ஆறு வருஷம் மேனேஜர், முடிந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான், வேறு யாரோ ஒருவனைப் பற்றிப் பத்திரிகையில் படிப்பது போலத்தான் இருந்தது.

கால்வாய் ஓரமாக நடந்தான், வாடகை வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும், அவன் நேராகப் போனான், ஆலைத் தொழிலாளர்களின் செங்கல் வரிசை வீடுகள், கோடையில் கால்வாய்த் தண்ணீரில் அன்று ஆலையில் என்ன காகிதமோ அந்த நிறம், இன்று நீலம். லூக்கின் வீட்டுக் கதவை மூன்று வருஷத்தில் ஒருமுறைகூடத் தட்டியதில்லை. லூக்கின் மனைவி ஹொனோரா திறந்தாள், கையெல்லாம் மாவு, அவனைப் பார்த்ததும் சட்டென்று அவனுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள், கூட யாராவது வந்திருக்கிறார்களா, யாராவது செத்துப்போனார்களா என்று பார்ப்பவள் போல. “அவர் ஆலையில இருக்காரு, ஆறு மணிக்கு வந்துடுவாரு. உள்ள வாங்க. நிக்காதீங்க, வாங்க.” உட்கார வைத்தாள், அவித்த உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் ஒரு துண்டு உப்பிட்ட பன்றிக்கறியும் வைத்தாள், கேட்கவில்லை, வைத்தாள். வலப்பக்கத்திலிருந்து வைத்தாள். “தோத்துட்டீங்களாமே, பக்கத்து வீட்டுக்காரரு சொன்னாரு.” “ஆமா.” “இவரு இருந்திருந்தா பார்த்திருப்பாரு. ராத்திரி ஷிஃப்டு வாரம்னா வந்துடுவாரே.” மலாக்கி முள்கரண்டியைக் கீழே வைத்தான். “எங்க வருவான்?” “ஆட்டத்துக்குத்தான். உங்களுக்குத் தெரியாதா? மூணாவது பேஸுக்கு அந்தாண்ட வேலிக்கு வெளியில நின்னு பார்ப்பாராம். உள்ள வந்து உக்காருங்கன்னு நான்கூடச் சொல்லுவேன்.” மாவைப் பிசைந்துகொண்டே சொன்னாள், முதுகு இந்தப் பக்கம் இருந்தது. “வந்து ஏதாவது சொல்வானா?” “அவரு என்ன சொல்லுவாரு, வாயத் தொறந்தாத்தானே. ஒரு நாள் மட்டும் காலைக் கழுவிக்கிட்டே சொன்னாரு, ‘இன்னும் தலையத் திருப்பித்தான் புடிக்கறான்’னு. எனக்கு ஒண்ணும் புரியல. என்னாங்கன்னா, ஒண்ணுமில்லன்னுட்டாரு.”

சாப்பிட்டான். உப்பு இருந்ததா என்று தெரியவில்லை. இன்னும் என்றால், முன்பிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று பொருள், வேலிக்கு வெளியிலிருந்து இல்லை, அதற்கும் முன்னால், ஷார்ட்ஸ்டாப்பின் இடத்திலிருந்து, அங்கிருந்து முதல் பேஸ்காரனின் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது தெரியாமல் எப்படி இருக்கும், எறிகிறவன் பார்ப்பதே அந்தத் தலையைத்தானே. அப்படியானால் வூஸ்டரில் தூறலில் அவன் பார்த்துக்கொண்டே நின்றது முகத்தை இல்லை, கண்ணை. தெரிந்தே ‘சரி அப்ப’ என்றான். ஏன் சொல்லவில்லை, மலாக்கி, உன் கண்ணுதான் போச்சு என்று ஒரு வார்த்தை, சொல்லியிருந்தால் ஹேல்ப்பின், அந்தப் பென்சில்வேனியாப் பையன், யாரும்… இரக்கமா, இல்லை, இருந்து அனுபவிக்கட்டும் என்றா? இதற்காகத்தான் வந்தேனா, இதைக் கேட்க? மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றுதான் கால்வாய் ஓரமாக வரும்போது நினைத்தான், கதவைத் தட்டும்போது அது இல்லை, உன் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அன்றைக்கு என் கைதான் போயிருந்தது என்று லூக்கே சொல்லிவிடமாட்டானா என்றுதான் வந்திருக்கிறான். ஆலையின் சங்கு ஊதியது. தெருவில் காலணிச் சத்தங்கள் ஒன்றாகக் கிளம்பி ஒவ்வொரு வாசலாகப் பிரிந்தன. ஹொனோரா கையைத் துடைத்துக்கொண்டாள், “வந்துட்டாரு” என்றாள். கதவு இடப்பக்கம் இருந்தது. மலாக்கி தலையைத் திருப்பினான், வாசலில் லூக் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், தலைமுடியில் காகிதத் தூள், அந்த நிலையத்தில் பார்த்த மாதிரியே பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல், அவசரமில்லாமல். அன்று அவன் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று மலாக்கிக்கு அப்போது தெரிந்தது, அப்போதும் அனுப்பித்தான் இருப்பேன். அதுவும் லூக்குக்குத் தெரிந்திருக்குமோ என்று நினைத்தபடி, நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான்.